‘விடாதை’ என்ற சொல்லின் பின்பாதி

மச்சான்,

நேற்று உன் கசெட்டை முதல்முறையாக நிறத்தில் பார்த்தேன். புதிதாக வாங்கிய வீடியோப் பெட்டி அமெரிக்கக் கசெட்டையும் ஒழுங்காக ஓட்டுகிறது. லண்டன் பிளேஸ்டோவில் உன் அறையில் பார்த்த காலத்தில் படம் கறுப்பு வெள்ளையாய், மேலிருந்து கீழே உருண்டுகொண்டே இருக்கும். ஒருவன் பெட்டியின் தலையில் தட்ட மற்றவன் பார்ப்பான். அமெரிக்காவிலிருந்து உன் சித்தப்பா அனுப்பிய பந்தைக் கையில் எடுத்து ஓடுகிற அந்தக் கல்லூரி ஃபுட்போல் ஆட்டத்தில், உனக்குப் பிடித்த அணி பச்சைச் சட்டை என்று இரண்டு குளிர்காலம் சத்தியம் செய்தாய். பச்சை இல்லையடா, சிவப்பு. உன்னிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும் போலிருந்தது. அதற்குள் திரையில் அந்தத் தடுக்கப்படாத ஆள் ஓடி வந்தான். பத்து வருடத்துக்கு மேலாகியும் அவனைப் பார்க்க முடியவில்லை. பெட்டியை நிறுத்திவிட்டேன்.

உனக்குத் தெரிந்ததைத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள். நாங்கள் சண்டை பிடித்ததெல்லாம் ஒரே விஷயத்துக்குத்தான்: பந்தை எறிந்து முன்னேறுவதா, தூக்கிக்கொண்டு ஓடுவதா. கசெட்டில் ஒரு அணி எறிகிற அணி. ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக் பந்தை வாங்கிக்கொண்டு பின்னுக்குப் போய் நிற்பான். ஐந்து தடியன்கள் மதில் மாதிரி முன்னால் நிற்க, தூரத்தில் ஓடுகிறவனைப் பார்த்து எறிவான். நான் அந்தக் கட்சி. எங்கள் கிழக்கு லண்டன் கல்லூரி அணியில் குவார்ட்டர்பேக் நான்தான். கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டிலிருந்து எறிந்து பழகிய கை என்பதைத் தவிர வேறு தகுதி இல்லை. மதிலுக்குப் பின்னால் நிற்பது எனக்கு நன்றாகப் பிடித்திருந்தது.

உன் கட்சி ‘ஒப்ஷன்’. அதில் எதிரணியில் ஒருவனை வேண்டுமென்றே யாரும் தடுக்காமல் விடுவார்கள். குவார்ட்டர்பேக் பந்தோடு நேரே அவனை நோக்கி ஓட வேண்டும். நாலு எட்டுத் தள்ளி இன்னொருவன் கூடவே ஓடுவான், அது நீ. தடுக்கப்படாதவன் என்மேல் பாய்ந்தால் பந்தை உனக்குத் தட்டிவிட வேண்டும். உன்பக்கம் திரும்பினால் நானே வைத்துக்கொண்டு ஓட வேண்டும்.

“உனக்கென்ன விசரோ? ஒருத்தனை அவிட்டு விட்டிட்டு அவனிட்டையே ஓடச் சொல்லுறாய்” என்றேன்.

“உன்ரை மதில் முன்னுக்குத்தானே நிக்குது. பின்னாலை வாறவனை நீ காணமாட்டாய்” என்றாய். “அடிக்க வாறவன்ரை முகத்தைப் பாக்கவேணும் மச்சான். பாத்தால்தான் ஏதும் செய்யலாம்.”

நீ ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறாய் என்றுதான் நினைத்தேன். எனக்கு மாணவர் விசா. நீ அகதி மனுக் கொடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருந்தவன். இரண்டு கிழமைக்கு ஒருமுறை, திங்கட்கிழமை காலையில், ஹீத்ரோ விமான நிலையத்துக்கு அருகே ஹவுன்ஸ்லோவில் இருந்த குடிவரவு அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். போன சிலரை அங்கேயே மறித்து விமானத்தில் ஏற்றிவிட்டார்கள் என்ற கதை எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அதனால் திங்கட்கிழமைகளில் உன் பையில் பல்துலக்கியும் மாற்றுச் சட்டையும் இருக்கும். என் பயமெல்லாம் விலா எலும்பு முறிவதற்கு மேலே போனதில்லை.

பயிற்சியாளர் உன் பக்கம் சாய்ந்தார். எங்களிடம் ஐந்து தடியன்கள் எங்கே இருந்தார்கள்? ஆங்கிலத்தில் கத்தினால் எதிரணிக்கும் விளங்கும் என்று சொற்களைத் தமிழில் வைத்தது நீ. உனக்குப் பந்து வேண்டுமென்றால் ‘விடு’ என்று கத்துவாய். வேண்டாமென்றால் ‘விடாதை’. கடையில் வாங்கிய பாணைப் பந்தாக வைத்துத் தெரு நீளத்துக்கும் ஓடிப் பழகினோம். வீடு வந்து சேரும்போது பாண் தின்கிற நிலையில் இருக்காது.

அந்த மாசி மாத ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி உனக்கு ஒருநாளும் சொல்லாத ஒன்றைச் சொல்லப் போகிறேன். புல் முழுக்கச் சேறு. ஆட்டம் முடியச் சில நிமிடங்கள்தான். நான் பந்தை வாங்கி வலப்பக்கம் ஓடினேன், நீ பக்கத்தில். தடுக்கப்படாதவன் வந்தான். அவன் என்னைப் பார்க்கவே இல்லையாம், உன்னைத்தான் பார்த்தானாம். எனக்கு அது தெரியாது. நான் கண்ணை மூடிவிட்டேன்.

நீ கத்தினாய். ‘விடா’ வரைக்கும் காதில் விழுந்தது. ‘தை’ வருவதற்குள் என் கை பந்தை விட்டுவிட்டது. வெள்ளைக்காரன் என்றால் ‘டோன்ட்’ என்று முதலிலேயே சொல்லிவிடுவான். எங்கள் மொழியில் வேண்டாம் என்பது கடைசியில்தான் வரும். பயந்தவன் கடைசிவரை கேட்பதில்லை.

பந்தைப் பிடித்த உன்மேல் அவன் மோத, உன் வலது காறையெலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. எல்லோரும் ஓடி வந்தார்கள். நீ சேற்றில் கிடந்தபடி என்னைத்தான் கூப்பிட்டாய்.

“அம்புலன்ஸ் வேண்டாமெண்டு சொல்லு. ஆஸ்பத்திரியிலை மறிச்சு வைச்சிடுவாங்கள். நாளைக்குத் திங்கள்.”

“கை தூக்க ஏலாமல் கிடக்கு, எப்பிடியடா சைன் வைப்பாய்?”

“வைக்கத்தானே வேணும். போகாட்டில் தேடி வருவாங்கள்.”

மறுநாள் ரயிலில், யாரோ தந்த கழுத்துச்சால்வையில் வலக்கையைத் தொங்கவிட்டபடி, பேப்பர் ஓரத்தில் இடக்கையால் கையெழுத்துப் பழகினாய். பாலர் வகுப்புப் பிள்ளையின் எழுத்து மாதிரி வந்தது. ஃபைலில் இருக்கிற கையெழுத்தோடு ஒத்துப் போகாவிட்டால் என்ன ஆகும் என்று நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நான் உன் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். உள்ளே பல்துலக்கி ஆடிச் சத்தம் போட்டது.

வாசலில் காவலாளி என்னை மறித்தான். பட்டியலில் பெயர் உள்ளவன் மட்டும்தான் போகலாம் என்றான். நீ என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாய்.

“மச்சான், என்னை விடாதை.”

இந்தமுறை சொல் முழுதாகக் கேட்டது. கேட்டும் விட்டேன். வேறு என்ன செய்திருக்கலாம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இரண்டு மணித்தியாலம் அந்த மதிலோரம் நின்றேன். விமானங்கள் தலைக்கு மேலே ஒன்றன்பின் ஒன்றாய் எழும்பின. ஒவ்வொன்றிலும் உன்னை ஏற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன். கதவு திறந்தபோது நீ கழுத்துச்சால்வை இல்லாமல், வியர்வையில் நனைந்து, கீழுதட்டில் பல் பதிந்த அடையாளத்தோடு வந்தாய். சால்வையை அவிழ்த்து வலக்கையாலேயே கையெழுத்து வைத்திருக்கிறாய்.

“போட்டிட்டன்” என்றாய். பிறகு அந்தப் படியிலேயே சரிந்தாய். அங்கிருந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

எலும்பு கோணலாகத்தான் பொருந்தியது. சில வருடங்களில் விசாவும் கிடைத்தது. ஹீத்ரோவிலேயே வேலைக்குச் சேர்ந்து, விமானங்களில் மற்றவர்களின் பெட்டிகளை ஏற்றினாய். கல்யாணம், மகள். இனிப் பயமில்லை என்று நான்தான் நம்பினேன்.

போன வருடம் ஈரலில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தபோது எல்லாம் பிந்திவிட்டது. கட்டிலில் கிடந்தும் உன் வாய் அடங்கவில்லை.

“உன்ரை ஆட்டம்தான் மச்சான். பின்னாலை வந்திட்டுது, நான் காணேல்லை.”

நான் சிரிக்கவில்லை. நீதான் சிரித்தாய். ஆனால் உன் கண் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. உனக்குப் பயமாக இருந்தது என்று எனக்குத் தெரியும்.

கடைசிப் பின்னேரம் உன் மனைவி மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரப் போயிருந்தாள். நான் உன் வலக்கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். உன் உதடு அசைந்தது. “வி...” என்றாய். குனிந்தேன். கண்ணை மூடாமல், மிச்சத்தைக் கேட்கக் காத்திருந்தேன். மிச்சம் வரவில்லை. நேர்ஸ் வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

அது ‘விடாதை’ என்றே வைத்திருக்கிறேன். ‘விடு’ என்றுதான் சொல்ல வந்தாயோ, போக நினைத்தவனை இழுத்துப் பிடித்தேனோ என்ற பயம் மட்டும் இன்னும் போகவில்லை. இப்போதெல்லாம் யாராவது “விடு” என்றால் என் கை உடனே திறப்பதில்லை. மிச்சம் இருக்கிறதோ என்று கொஞ்சம் காத்திருக்கிறேன்.