கண்ணையனைக் கடித்த நாய்

பண்டசோழநல்லூர்,
தாது வருடம் மாசி மாதம்,
ஞாயிற்றுக்கிழமை.

சைகோனில் இருக்கும் என் மகள் அமுதத்துக்கு அப்பா சிவப்பிரகாசம் மனதார ஆசீர்வதித்து எழுதுவது. உனக்கும் மாப்பிள்ளை மணவாளனுக்கும் உடம்பில் ஒரு குறையும் வரக்கூடாது என்று தினமும் விளக்கு முன் நின்று கேட்டுக்கொள்கிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம் என்று எழுத எனக்கு இப்போதுதான் கை வருகிறது. போன கப்பலுக்குக் கடிதம் போடவில்லையே என்று கோபித்துக்கொள்ளாதே, கரும்பு வெட்டு காரணமில்லை. உன் தம்பி கண்ணையனை நாய் கடித்துவிட்டது. பதறாதே, நல்லபடியாக நடமாடுகிறான், கடைசி வரைக்கும் படி.

அவன் வில்லியனூர் சைக்கிள் சங்கத்தில் சேர்ந்தது உனக்குத் தெரியும். மாதம் ஒரு ஞாயிறு பத்துப் பதினைந்து பேர் கட்டுச்சோற்றோடு கிளம்பி எங்காவது சுற்றிவிட்டுப் பொழுது சாய வந்துவிடுவார்கள். போன மாதம் காட்டேரிக்குப்பம் வழியாக இங்கிலீஷ்காரன் எல்லையைத் தாண்டி மயிலம் போய், அதற்கும் மேற்கே குன்றும் பாறையுமாகக் கிடக்கிற ஊர்களை எல்லாம் பார்த்துவிட்டு வந்தார்கள். ஏற்றத்தில் தள்ளினோம், இறக்கத்தில் காலைத் தூக்கிக்கொண்டு பறந்தோம் என்று சோறு தின்னும்போதெல்லாம் அதே பேச்சு. கெண்டைக்காலில் துணி சுற்றியிருந்தான். என்னடா என்றதற்கு, "முள்ளு கீறிச்சிப்பா" என்றான், நானும் விட்டுவிட்டேன். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அந்தச் சங்கத்துத் தலைவர் இன்னாசிமுத்து வாத்தியார் நம் வீட்டு வழியாகப் போனவர், "கண்ணையனுக்கு நாய் கடிச்ச எடம் ஆறிடுச்சாங்களா?" என்று கேட்டார். உன் அம்மா நெல் குத்திக்கொண்டிருந்த உலக்கையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள். ஏண்டா மறைத்தாய் என்று அவனைப் பிடித்து உலுக்கினால், "சொன்னா சைக்கிள வித்துடுவீங்க" என்று தலையைக் குனிந்துகொண்டான்.

நம் கழனியில் வேலை செய்த அய்யனார் நாய்க்கடியில் செத்தது உனக்கு மறந்திருக்காது. தண்ணீர்ச் சொம்பைக் கண்டு அலறினானே, அந்தக் குரல் அன்று முழுக்க என் காதைவிட்டுப் போகவில்லை. வண்டி கட்டிப் புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் வயிற்றில் தினம் ஓர் ஊசி போட ஆரம்பித்தார். வெறிபிடித்த நாய் கடித்த பிறகு பத்து நாள் தாங்காது, நீ போய் அது இருக்கிறதா செத்ததா என்று பார்த்து வா, இருந்தால் உன் பிள்ளைக்கு ஆபத்தில்லை என்றார். ஊசி போட்ட அன்றே அவனுக்குக் காய்ச்சல். இது ஊசிக் காய்ச்சலா அந்தக் காய்ச்சலா என்று யாரைக் கேட்பது? உன் அம்மா அவன் தலைமாட்டை விட்டு எழுந்திருக்கவில்லை, நான் திரும்பும்வரை பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

மாட்டு வண்டியில் போனால் வந்து சேர நாளாகும் என்று இன்னாசிமுத்து வாத்தியார் என்னைத் தம் சைக்கிள் கேரியரில் ஏற்றிக்கொண்டார். அமுதம், என் ஜென்மத்தில் அப்படிப் பயந்ததில்லை. மயிலம் தாண்டினதும் ரோடு ஏறி ஏறி இறங்குகிறது, இரண்டு பக்கமும் சரளைக்கல். "கண்ண வேணும்னா மூடிக்குங்க, ஆனா ஆடாதீங்க" என்று அவர் சொல்ல, அவர் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன், அது தோளில் கிழிந்தே போயிற்று. ஆனால் விழுவோம் என்ற பயத்தைவிட அங்கே போய் என்ன பார்ப்போமோ என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. குன்றடியில் நாலைந்து குடிசை. நாய்க்குச் சொந்தக்காரி தாயாரம்மாள், ஆடு மேய்க்கிறவள். காது கிழிந்த செவலை நாய் எங்கேம்மா என்றோம். "அத்த ஏன் கேக்கறீங்க, நீங்கள்லாம் சைக்கிள்ல வந்துட்டுப் போன மறுநாள்லேர்ந்து வூட்டுப் பக்கமே காணம்" என்றாள். நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். வாத்தியார்தான் கையைப் பிடித்துத் தூக்கி, அது கடித்த இடத்தையாவது பார்த்துவிடுவோம் என்று மேலே கூட்டிப்போனார். கண்ணையன் இளைப்பாறச் சைக்கிளைச் சாத்தி வைத்த பாறையாம் அது. கிட்டே போகும்போதே உறுமல் கேட்டது. பாறை இடுக்கில் அந்தச் செவலை, வயிற்றோடு ஒட்டிக்கொண்டு குட்டிகள். பின்னால் வந்த தாயாரம்மாள், "அடிப் பாவி, இங்கயா வந்து போட்ட" என்றாள். கிழிந்த காதைப் பார்த்து வாத்தியாரும் அதேதான் என்று அடையாளம் சொன்னார். டாக்டர் சொன்ன கெடுவும் தாண்டியிருந்தது. இருந்தும் என் மனசு ஆறவில்லை. கொட்டாங்கச்சியில் தண்ணீர் வாங்கிக்கொண்டு நானே போனேன். "வேணாங்க, குட்டி போட்ட நாயி அது, கொதறிடும்" என்று அவள் கத்தினாள். பல்லைக் காட்டியது. பாதித் தண்ணீர் என் வேட்டியில் கொட்டியது. மீதியைக் கீழே வைத்துவிட்டு அசையாமல் நின்றேன். ரொம்ப நேரம் என்னையே பார்த்தது. அப்புறம் கழுத்தை நீட்டி நக்கி நக்கிக் குடித்தது. நான் பாறைமேல் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

டாக்டர் ஊசியை நிறுத்திவிட்டார், காய்ச்சலும் விட்டது. இன்று மறுபடியும் சங்கத்தார் கிளம்பினார்கள். போகக்கூடாது என்று உன் அம்மா வாசலை மறித்தாள். அவன் உள்ளே போய் அந்தச் சைக்கிளைத் துடைக்க ஆரம்பித்தான், எனக்குத்தான் பொறுக்கவில்லை, போய்வா என்று சொல்லிவிட்டேன். காலையிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. அவன் வருவதற்குள் முடித்துவிடலாம் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். முடிந்தேவிட்டது, விளக்கும் ஏற்றியாகிவிட்டது, அவன் இன்னும் வரவில்லை. மாட்டு மணி கேட்டால்கூட எழுந்து எழுந்து பார்க்கிறேன்.

மாப்பிள்ளையும் அங்கே சைக்கிளில்தான் ஆபீசுக்குப் போகிறார் என்று எழுதியிருந்தாய். நாய் துரத்தினால் வேகம் எடுக்கவேண்டாம், இறங்கி நிற்கச் சொல். எது நடந்தாலும் எங்களிடம் மறைக்காதே. தீர்க்க சுமங்கலியாக, வயிறும் மனசும் குளிர்ந்து வாழவேண்டும்.

உன் நினைவாகவே இருக்கும் அப்பா,
ப. சிவப்பிரகாசம்

வந்துவிட்டான். டயர் பஞ்சராகித் தள்ளிக்கொண்டே நடந்து வந்தானாம். உன் அம்மா அவனுக்கு வெந்நீர் வைக்கப் போய்விட்டாள்.