வேலியில் கேட் பக்கம் மட்டும் பாக்கி

அன்பு மகளுக்கு,

நானும் வீடும் நலம், வலது முழங்கால் மட்டும் சுமார். நீயும் மாப்பிள்ளையும் பொடியனும் நலம் என்று ஞாயிற்றுக்கிழமை போனிலேயே சொல்லிவிட்டாய், இருந்தாலும் எழுத்தில் ஒரு தரம் கேட்டால்தான் எனக்குக் கேட்ட மாதிரி இருக்கும். பொடியனுக்குச் சளி விட்டதா, இல்லை இன்னும் மூக்கை உன் தோளில்தான் துடைக்கிறானா. போனில் பேச உட்கார்ந்தால் எனக்கு எல்லாம் நல்லாத்தான் இருக்கு என்பதைத் தாண்டி வாயில் ஒன்றும் வருவதில்லை, நீயும் ஒரு கையில் அவனைப் பிடித்துக்கொண்டு மறு கையில் எதையோ கிளறிக்கொண்டு பேசுகிறாய், நான் ஒரு விஷயத்தை ஆரம்பிப்பதற்குள் அவன் எதையாவது கவிழ்த்துவிடுகிறான். அதனால்தான் இந்தக் கடிதம். ஆபீசில் வைத்துப் பிரிக்காதே, வீட்டுக்கு வந்து கை கால் கழுவிவிட்டு நிதானமாகப் படி.

வீட்டை விற்றுவிட்டு உங்களோடு வந்துவிடச் சொல்லிக் கொஞ்ச நாளாகவே கேட்டுக்கொண்டிருக்கிறாய். அங்க தனியா உக்காந்து என்னப்பா பண்றீங்க, இங்க ஒரு ரூம் சும்மாதானே கெடக்கு என்று நீ கேட்பதில் தப்பொன்றும் இல்லை. நீ சொல்லி அனுப்பிய தரகர் வந்து பார்த்தார், அறை அறையாகப் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்துத் தலையாட்டினார், பின்வாசலுக்கு வந்ததும் உதட்டைப் பிதுக்கினார். வீடு தங்கம் சார், ஆனா மர வேலியப் பாருங்க, பலகையெல்லாம் வெளுத்து சாம்பல் பூத்துக் கெடக்கு, வர்றவங்க கண்ணு மொதல்ல அங்கதான் போகும் என்றார். மீட்டர் பார்க்கிற உத்தியோகத்தில் ஊரில் பாதிப் பேருடைய கொல்லைப்புறத்தை எட்டிப் பார்த்தவன் நான், எனக்கே வேலியைப் பற்றிப் பாடம் எடுக்கிறாரே என்று கோபம் வந்தது. அவர் போன பிறகு வெளியே போய்ப் பார்த்தேன், மனுஷன் சொன்னது சரிதான். அம்மா போனதிலிருந்து அந்தப் பக்கம் நான் கண்ணை ஓட்டவே இல்லை, துணி காயப் போடப் போவேன், எடுக்கப் போவேன், அவ்வளவுதான். ஆள் வைத்துச் செய்யுங்கள் என்று நீ சொன்னாய், நானே செய்கிறேன், வேலி முடியட்டும், வீட்டைப் பற்றி அப்புறம் பதில் சொல்கிறேன் என்று நான் சொன்னேன். அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் வேலி என்னப்பா ஆச்சு என்று கேட்கிறாய். நீ வேலியைக் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

நம் வீட்டில் வேலிக்குச் சாயம் பூசுகிற வேலை எப்படி நடக்கும் என்று உனக்குச் சரியாகத் தெரியாது, சாய வாடை பிடிக்காமல் நீ ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பாய். பிரஷ் எப்போதும் அம்மா கையில்தான். என்னிடம் தந்தால் பலகைக்குப் பாதி, செடிக்குப் பாதி என்பாள். என் வேலை அவளுக்குப் பின்னாலேயே பழைய பனியன் துணியோடு துடைத்துக்கொண்டு வருவது. இது பெயின்ட் மாதிரி மேலே உட்காருகிற சரக்கு இல்லை, மரத்துக்குள் இறங்க வேண்டிய சாயம். பூசிக் கொஞ்ச நேரம் விட்டு, மரம் குடித்தது போக மிச்சத்தை ரேகையோடு ரேகையாகத் துடைத்து எடுத்துவிட வேண்டும், விட்டால் அது காயவே காயாது, பசை மாதிரி பிசுபிசுவென்று நிற்கும். அம்மா திரும்பியே பார்க்கமாட்டாள், பலகையைப் பார்த்தபடியே பேசிக்கொண்டு போவாள், நான் அவள் முதுகைப் பார்த்துப் பதில் சொல்வேன். நம் வீட்டின் பெரிய முடிவெல்லாம் அப்படி எடுத்ததுதான். உன்னை வெளியூருக்குப் படிக்க அனுப்புவது தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் முடிவானது. மாப்பிள்ளைக்குச் சரி சொன்னது எலுமிச்சைச் செடிக்குப் பின்னால், அங்கே நான் மூன்று பலகை வரைக்கும் முடியவே முடியாது என்று நின்றேன், நாலாவது பலகையில் இறங்கி வந்தேன், இதை அவரிடம் சொல்லி வைக்காதே. முகத்தைப் பார்த்துப் பேசியிருந்தால் நாங்கள் சண்டை போட்டிருப்போம். முதுகோடு யார் சண்டை போட முடியும், அதிலும் கையில் வேலை இருக்கும்போது.

சரி, இந்தத் தடவை கதைக்கு வருகிறேன். முதலில் சோப்புத் தண்ணீர் போட்டு வேலி முழுக்கத் தேய்த்துக் கழுவினேன், பாசியெல்லாம் பச்சையாக வழிந்தது. நன்றாகக் காய விட்டு உப்புத்தாள் போட்டு இழைத்தேன், தோள்பட்டை இரண்டும் என்னோடு பேச மறுத்தன. ஆணி தலை தூக்கியிருந்த இடத்தில் அடித்து உட்கார வைத்தேன். வெயில் ஏறுவதற்கு முன் டின்னைத் திறந்து, அம்மாவின் பிரஷ்ஷை எடுத்துத் தொட்டிப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். நம்பினால் நம்பு, நன்றாகவே பூசினேன், செடிக்கு ஒரு சொட்டு போகவில்லை. பூசப் பூச மரம் கறுத்துப் பளபளத்து வந்ததைப் பார்க்க எனக்கே உற்சாகமாகிவிட்டது. அப்படியே அம்மா மாதிரி நானும் பலகையைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிட்டேன். அவ கூப்பிடறா, போலாமா வேணாமா, போனா அங்க நமக்கு என்ன வேலை, போகலேன்னா இங்க நமக்கு என்ன வேலை என்று ஏதோ. மூலை வரைக்கும் போய்விட்டேன். மூலையில் நின்று, நீ என்ன சொல்ற என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தேன்.

அப்போதுதான் தெரிந்தது அம்மாடி, பின்னால் யாரும் துடைத்துக்கொண்டு வரவில்லை என்று. தொட்டியிலிருந்து மூலை வரைக்கும் பூசின சாயம் பூசினபடியே ஈரமாக மின்னிக்கொண்டு நிற்கிறது. இத்தனை வருஷம் துடைத்தவன் நான், துடைக்காவிட்டால் என்னாகும் என்று ஊருக்கே சொல்லக்கூடியவன், எனக்குத் துடைக்கத் தோன்றவே இல்லை. துடைப்பது என்றால் எனக்கு ஒருத்தர் பின்னால் போவது, அவ்வளவுதான் தெரியும். பிரஷ் கைக்கு வந்ததும், பின்னால் வருகிறவர் வருவார் என்று நான் பாட்டுக்குப் போயிருக்கிறேன். அம்மா போன அன்றைக்கும் அதற்கப்புறம் வந்து போன கூட்டத்திலும்கூட நான் அழவில்லை என்று அத்தை குறைப்பட்டுக்கொண்டாளே, அவளிடம் சொல்லிவிடு, வேலி மூலையில் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து அழுதாயிற்று என்று.

ஓடிப்போய்த் துணியை எடுத்துத் துடைத்துப் பார்த்தேன், பாதி அதற்குள் பசையாகிவிட்டது, துணி ஒட்டிக்கொண்டு வந்ததுதான் மிச்சம். சரி, காய்ந்து தொலையட்டும் என்று விட்டேன். ஒரு வாரமாகியும் காயவில்லை. காற்றில் வந்த சருகெல்லாம் அதில்தான், கொசு, பூச்சி எல்லாம் அதில்தான், என் வேட்டி ஒன்றும் அதில்தான். பக்கத்து வீட்டு நர்சம்மாவை உனக்கு ஞாபகமிருக்கும், உனக்கு அம்மை போட்டபோது தினமும் வந்து பார்த்தவர், இப்போது ஓய்வு பெற்று ஒரு வெள்ளைப் பூனையோடு இருக்கிறார். அந்தப் பூனை வேலியோரம் உரசிக்கொண்டே நடந்து போயிருக்கிறது. ஒரு பக்கம் வெள்ளை, மறு பக்கம் தேக்கு நிறம். அவர் அதைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து, எனக்குப் பூனை வேணும் சார், நாற்காலி வேணாம் என்றார். சமையல் எண்ணெய் தடவி, சோப்பு போட்டு, அவர் பிடித்துக்கொள்ள நான் குளிப்பாட்டினேன், என் முழங்கையில் அது போட்ட கோடு இன்னும் இருக்கிறது. அம்மா போன பிறகு இந்த வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து செய்த முதல் வேலை அந்தப் பூனையைக் குளிப்பாட்டியதுதான் என்று பிறகு நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் டர்பன்டைன் வாங்கி வந்து, துணியை நனைத்து, அத்தனையையும் கரைத்துத் துடைத்து, மறுபடி உப்புத்தாள் போட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தேன். இந்தத் தடவை ஒரு பலகை பூசுவது, பிரஷ்ஷைக் கீழே வைப்பது, துணியை எடுத்துத் துடைப்பது, மறுபடி பிரஷ். நானே அம்மா, நானே நான். மெதுவாகத்தான் ஆனது, ஆனால் ஆனது, நன்றாகவே வந்திருக்கிறது, ரேகையெல்லாம் எடுத்துக் காட்டுகிறது. துடைத்த துணிகளை அம்மா சொல்வது போலவே கொடியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயப் போட்டேன், அந்தச் சாயத் துணியைச் சுருட்டிக் குவித்து வைத்தால் தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும், நீயும் வீட்டில் மாப்பிள்ளை ஏதாவது மர வேலை செய்தால் இதைப் பார்த்துக்கொள். வழக்கமாகக் கொடியில் என் சட்டை ஒன்றும் துண்டு ஒன்றும்தான் தொங்கும். அன்றைக்குச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தால் கொடி நிறையத் துணி, வீடு நிறைய ஆள் இருப்பது போல ஆடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன், அடுப்பில் வைத்தது அடிப்பிடித்துவிட்டது.

தனியாக இருப்பது கஷ்டமாகத்தான் இருக்கிறது, இதைப் போனில் நான் ஒரு நாளும் சொல்லமாட்டேன், அதனால் இங்கே எழுதிவிடுகிறேன். பேச ஆளில்லை என்பதைவிடப் பதில் சொல்ல ஆளில்லை என்பதுதான் பெரிய தொல்லை, பேசுவதற்கென்ன, பல்லியிடம்கூடப் பேசலாம். அதற்காக உடனே நாளைக்கே லாரி அனுப்பிவிடாதே. அங்கே வந்தால் உங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்துக்கொண்டு இருக்கலாம், சந்தோஷம்தான், ஆனால் இந்த வேலியில் ஒவ்வொரு பலகையிடமும் ஒரு பேச்சு இருக்கிறது, அதை எந்தத் தரகரும் விளம்பரத்தில் போடப்போவதில்லை. இரண்டில் எது சரி என்று எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. நானும் எத்தனையோ விதமாக யோசித்துப் பார்த்துவிட்டேன், தனியாக யோசித்து முடிவெடுத்துப் பழக்கமில்லாதவனாகப் போய்விட்டேன்.

இப்போது கேட் பக்கம் மட்டும் பாக்கி. வேலி முடிகிற அந்தக் கடைசித் துண்டு மட்டும் வெளுத்தபடியே நிற்கிறது, மற்றதெல்லாம் புதிதாகிவிட்டதால் அது இன்னும் அசிங்கமாகத் தெரிகிறது. அது ஏன் சார் விட்டுட்டீங்க என்று நர்சம்மா கேட்டார், சாயம் தீர்ந்துபோச்சு என்று சொன்னேன். பொய். ஷெட்டில் அரை டின் இருக்கிறது. தரகர் போன் செய்தார், மழை வரப் போகிறது என்று அவரிடம் சொன்னேன், வானத்தில் ஒரு மேகம் இல்லை. எனக்கு இப்போது தனியாகப் பூசத் தெரியும், ஒரு காலைப் பொழுதில் முடித்துவிடலாம். வேண்டுமென்றுதான் விட்டு வைத்திருக்கிறேன்.

லீவு கிடைக்கும்போது வா. மாப்பிள்ளையையும் பொடியனையும் கூட்டிக்கொண்டு வந்தாலும் சரி, அவர்களை நர்சம்மா பூனையிடம் விட்டுவிடலாம். நீ பிரஷ்ஷை எடுத்துக்கொள், எனக்கு முன்னால் போ, திரும்பிப் பார்க்காமல் பலகையைப் பார்த்தே கேள். நான் பின்னால் துடைத்துக்கொண்டே வருகிறேன். கேட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் விற்கலாமா வேண்டாமா என்று சொல்லிவிடுகிறேன். என்ன சொல்வேன் என்று இப்போது கேட்காதே, உன் முதுகைப் பார்த்தால்தான் எனக்கே தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள், வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல், பொடியனுக்கு இரண்டு கன்னத்திலும் என் முத்தம். நீங்கள் மூவரும் நோய் நொடியில்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். வரும்போது நல்ல உடுப்பாக அடுக்கி வராமல் பழசு ஒன்று எடுத்து வா, இந்தச் சாயம் பட்டால் போகாது.

இப்படிக்கு,
பனியன் துணியோடு காத்திருக்கும்
உன் அப்பா