கரிக்குது

பிப்ரவரி 3, செவ்வாய்

ஸ்டவுட் காய்ச்சினோம், கனமான கறுப்பு பீர். முளைகட்டி வறுத்த பார்லியை, அதாவது மால்ட்டை, வெந்நீரில் கொட்டியதும் எழுகிற ஆவிக்காகவே இந்த வேலைக்கு வந்தவள் நான். இன்று அது குடலைப் புரட்டியது. வாயைப் பொத்திக்கொண்டு கழிப்பறைக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது, நான் விட்டுப்போன வேலையை எல்லாம் மீசை முடித்து வைத்திருந்தார். கூட வேலை பார்ப்பவர். எதுவும் கேட்கவில்லை. ஊகித்திருப்பாரோ?

வீட்டுக்காரரைத் தவிர யாருக்கும் தெரியாது. போன தடவை தெரிந்த அன்றே ஊரைக் கூட்டிச் சொன்னேன். மூன்றாம் மாதம் கலைந்தபோது, ஒவ்வொருவரிடமும் போய் இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. ரொட்டிக் கடைக்காரியிடம்கூட. இந்தத் தடவை ஸ்கேன் முடியும்வரை மூச்சுவிடக் கூடாது.

பிப்ரவரி 6

காலையில் நல்ல வாந்தி. நிம்மதி. வாந்தி வராத நாள்தான் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 12

ஸ்டவுட்டுக்கு நாள் குறித்துவிட்டார் முதலாளி. மார்ச் கடைசி சனிக்கிழமை. பீரை அங்கேயே காய்ச்சி விற்கிற எங்கள் ப்ரூபப்பில் ஒரு வழக்கம் உண்டு: காய்ச்சியவர் எல்லோர் முன்னாலும் முதல் கிளாஸைக் குடித்து, எப்படியிருக்கிறது என்று சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் மற்றவர்களுக்கு. இத்தனை வருடமும் அந்த ஒரு நிமிடத்துக்காக நல்ல சட்டை எடுத்து வைப்பேன். இப்போது எப்படிக் குடிப்பது? அதுவும் இது ஆளைச் சாய்க்கிற சரக்கு.

உதட்டில் வைத்துவிட்டு நடிக்கலாமா? அத்தனை கண்ணும் என் தொண்டையைத்தான் பார்க்கும். தலைவலி என்று வீட்டில் படுத்துக்கொள்ளலாமா? முதலாளி டாக்டரோடு வந்து நிற்பார்.

பிப்ரவரி 20

டேங்க்கிலிருந்து மாதிரி எடுத்தேன். வாயில் வைத்துத் துப்பினால் போதும் என்பார்கள். போன தடவை அப்படித்தான் துப்பினேன். அதற்கும் கலைந்ததற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். நானும் தலையாட்டினேன். நம்பினேனா? கிளாஸை உதட்டுக்குக் கொண்டுபோகாமலே கீழே வைத்துவிட்டேன், அவ்வளவுதான்.

யாருடைய நாக்கை இரவல் வாங்குவது? மீசை குடியை விட்டு வருடக்கணக்காகிறது. முதலாளியிடம் கொடுத்தால், நீ ஏன் பார்க்கவில்லை என்பார். வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர்; டிப்போவில் தினமும் ஊதிக் காட்ட வேண்டும். மிச்சம் அத்தைதான். அவருடைய அம்மா. கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்; ரகசியம் சொன்னாலும் கடைசி சீட்டுவரை கேட்கும். மருமகள் மாவு மில்லில் வேலை பார்க்கிறாள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருக்கிறவர். அவரிடம் போயா?

போனேன். சளி, ருசி தெரியவில்லை என்று ஒரு கதை விட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். கிளாஸை வாங்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, மருந்து குடிப்பதுபோல் ஒரு மடக்கு. மூக்கைப் பிடித்தால் என்ன ருசி தெரியும்? கெஞ்சி, கையை எடுக்கச் சொல்லி இன்னொரு வாய் குடிக்க வைத்தேன். சப்புக் கொட்டினார். வண்டி ஆயில் மாதிரி இருக்கிறதாம். ஆனால் முதலில் காப்பி வாசம், பிறகு வெல்லப்பாகு, பிறகு நெஞ்சில் நல்ல சூடு. எனக்கு வாயெல்லாம் பல். அப்போது சொன்னார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா கரிக்குது."

மிச்சத்தையும் அவரே முடித்தார்.

பிப்ரவரி 21

கரிந்துவிட்டது. மொத்த டேங்க்கும். மால்ட்டை அதிகமாக வறுத்துவிட்டார்களா? அடி பிடித்துவிட்டதா? மீசையிடம் கத்தினேன். சூட்டை ஏத்திட்டு எங்க போனீங்க, என்ன வேலை பாக்குறீங்கன்னு வாய்க்கு வந்தபடி. அவர் துணியை மடித்து வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

கரிந்ததை ஒன்றும் செய்ய முடியாது. சாக்கடையில் விட வேண்டியதுதான். ஒண்ணையாவது உருப்படியா கடைசிவரைக்கும் கொண்டு சேக்கத் தெரியுதா எனக்கு? ஒண்ணையாவது?

— இதை எழுதியிருக்கக் கூடாது.

பிப்ரவரி 24

தண்ணீர் வாளியை என் கையிலிருந்து அத்தை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். கண்டுபிடித்துவிட்டாரோ? டிக்கெட் எடுக்காதவன் முகம் எனக்குத் தெரியும் என்று அடிக்கடி பெருமையடிப்பார்.

பிப்ரவரி 26

மதியம் காய்கறி சூப் வைத்தேன். அத்தை ஒரு கரண்டி வாயில் வைத்தார். முகம் சுளித்தார். கரிக்குது என்றார்.

அடுப்பிடம் ஓடினேன். பாத்திரத்தைச் சாய்த்துப் பார்த்தேன். அடி பளிச்சென்று இருந்தது.

"அடி பிடிக்கலையே அத்தை."

"அடி பிடிச்சதுன்னு யாரு சொன்னா? உப்புக் கரிக்குது. நீ போட்டது தெரியாம நானும் போட்டுட்டேன்."

கரண்டி கையிலேயே நின்றது. அன்றைக்குக் குடித்தீர்களே, அதுவுமா என்று கேட்டேன். அதுவும் உப்புதான், வேறென்ன என்றார்.

பிறந்ததிலிருந்து கேட்ட வார்த்தை. ஆனால் எந்நேரமும் வறுத்த மால்ட்டோடு கிடக்கிறவளுக்கு, கரி என்று காதில் விழுந்தாலே கருகல்தான் ஞாபகம் வருகிறது. சாப்பிடாமல் கடைக்கு ஓடினேன். தண்ணீரைப் பக்குவப்படுத்தத் தாது உப்பு சேர்ப்போம். மால்ட் கொட்டுவதற்கு முன்பே நான் அதைப் போட்டிருந்தேன். மீசையிடம் கேட்டேன். நீங்க ஓடின ஓட்டத்துல மறந்திருப்பீங்கன்னு நானும் போட்டேன் என்றார். ஒரே அடுப்பு, இரண்டு கை. கடையிலும் அதே கூத்து.

மன்னிப்புக் கேட்டேன். உடம்பைப் பார்த்துக்குங்க என்று மட்டும் சொன்னார். இவருக்கும் தெரியும் போல.

உப்பே போடாமல் இன்னொரு டேங்க் காய்ச்சி இரண்டையும் கலக்கப் போகிறோம். நாளைக்கே.

மார்ச் 16

ஸ்கேன். துடிப்பு காட்டினார்கள். வீட்டுக்காரர் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, இன்னொரு தடவை காட்டுங்கள் என்றேன். காட்டினார்கள்.

யாரிடமும் சொல்ல இன்னும் வாய் வரவில்லை. சொன்னால் போய்விடும் என்று ஒரு பயம். பைத்தியக்காரத்தனம்தான். தெரிகிறது, போகவில்லை.

மார்ச் 27

கலந்து முடிக்கும்போதே கடை மூடும் நேரம். யாரும் ருசி பார்க்கவில்லை. நாளை நேராகக் கூட்டத்தின் முன்னால்தான். அத்தையை வரச்சொன்னேன். பீர்க் கடைக்கு என்ன உடுத்திக்கொண்டு வருவது என்று கேட்கிறார்.

மார்ச் 29, ஞாயிறு

நேற்று. கடை நிறைந்து, படியிலும் ஆள். முதலாளி என் பெயரைச் சொல்லி கிளாஸை நீட்டினார். மேலே பழுப்பு நுரை, கீழே வெளிச்சம் புகாத கறுப்பு. அத்தனை கண்ணும் என் தொண்டையில். உதட்டுவரை கொண்டுபோனேன். அந்த வாசனை, இத்தனை நாள் கழித்து, மறுபடி பிடித்திருந்தது. அங்கேயே நின்றுவிட்டேன். நடிக்கவும் முடியவில்லை, குடிக்கவும் முடியவில்லை.

"நான் முழுகாம இருக்கேன்," என்றேன். "குடிக்க முடியாது. இதுக்கு நாக்கு எங்க அத்தையோடது."

சொல்லிவிட்டேன். கூரை இடிந்து விழவில்லை. கிளாஸை எடுத்துக்கொண்டு, கல்யாணப் பட்டுப்புடவையில் சுவரோரம் உட்கார்ந்திருந்த அத்தையிடம் போனேன். எழுந்து நின்றார். மூக்கைப் பிடிக்காமல் ஒரு வாய். இன்னொரு வாய். மீசையையும் என்னையும் பார்த்தார்.

"கரிக்கலை."

தெருமுனைவரை கேட்டிருக்கும். முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. மீசை மட்டும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பக்கத்து வீட்டுக்காரரும் கூட்டத்தில் இருந்தார். மாவு மில் கதை இனி எடுபடாது.

எனக்கென்று ஒரு பாட்டில் அடைத்து எடுத்து வந்தேன். கனமான ஸ்டவுட், வைக்க வைக்க நன்றாக இருக்கும். அலமாரியின் பின்வரிசையில் வைத்திருக்கிறேன். பயம் போய்விட்டதா? இல்லை. ஆனால் இப்போது அதைச் சுமக்க ஆள் கூடியிருக்கிறது.

டிசம்பர் 11

மழை. இத்தனை மாதமாக இந்த டைரியையே தொடவில்லை, கை ஒழியவில்லை. பாட்டில் ஞாபகம் வந்து, திறக்கலாமா என்று அத்தையிடம் கேட்டேன். அவர் மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"பால்குடி மறக்கட்டும்."