கால் அளவுக் காகிதமும் கோராவின் வேலையும்

அலபாமா,
அக்டோபர் 1955

அன்பு மகன் ரூஃபஸுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையால் நாங்கள் மூவரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் டெட்ராய்ட் குளிரில் சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். எதையாவது விட்டுவிடுவேன் என்ற பயத்தில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்:

1. எங்கள் உடல்நிலை.
2. உன் நண்பர் படம் எடுத்துப் போனது.
3. உன் தங்கை கோராவின் வேலை போகாமலிருக்க எந்தப் படத்தைப் பத்திரிகையில் வராமல் நிறுத்துவது, எதை விடுவது.

முதலாவது, என் முழங்கால் வலி பழையபடிதான். அம்மாவை உப்பைக் குறைக்கச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். இரண்டாவது, உன் நண்பர் டெல்மர் பத்திரிகைக்காக இங்கே தங்கி, நாங்கள் அன்றாடம் செய்வதையெல்லாம் எடுத்தார். நீ அனுப்பியவர் என்பதால் மறுக்கவில்லை, மறுத்திருக்கலாமோ என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். நீதிமன்ற வாசலில் கறுப்பருக்கான குழாயில் கோரா தண்ணீர் குடிப்பதை எடுத்தார், கறுப்பருக்கு என்று எழுதி மேலே மாட்டிய பலகையும் அவள் முகமும் தெளிவாக விழுந்திருக்கும். இன்னொன்று வீட்டில் எடுத்தது. அம்மாவுக்கு ஷூ வாங்க வேண்டியிருந்தது. வெள்ளையர் கடையில் நம்மவர்களை ஷூவுக்குள் காலை நுழைத்துப் பார்க்க விடுவதில்லையே, அதனால் கடைக்கு அளவு கொண்டுபோக கோரா வழக்கம்போல் பழுப்புக் காகிதத்தில் அம்மாவின் காலை வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்துகொண்டிருந்தாள். இந்தக் கோணக்கால ஏன் தம்பி எடுக்குற, மூஞ்சி நல்லாத்தானே இருக்கு என்று உன் அம்மா டெல்மரிடம் கேட்டாள். அசையாதம்மா, அப்புறம் ஷூ கடிக்குதுன்னு எங்கிட்ட வந்து அழாத என்று கோரா அதட்டினாள். எல்லோரும் சிரித்துவிட்டோம்.

மூன்றாவது, கோரா பாடம் சொல்லித்தருவது நம் பிள்ளைகளின் பள்ளியில்தான் என்றாலும் ஆசிரியர் வேலையைத் தருவதும் பறிப்பதும் வெள்ளையர் குழு என்பது உனக்குத் தெரியும். பலகையோடு அவள் முகத்தைப் பத்திரிகையில் பார்த்தால் அவளை நீக்கிவிடுவார்கள், கோராவின் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. ஆகவே குழாய்ப் படத்தைப் போட வேண்டாமென்று டெல்மரிடம் சொல். காகிதப் படத்தைப் போடட்டும். அதில் பலகை இல்லை, ஒரு தாயும் மகளும் வீட்டு வேலையில் இருக்கிறார்கள், எவர் என்ன குற்றம் காண முடியும். என்னைக் கோழை என்று நீ நினைக்கலாம், வாதாட எனக்குத் தெம்பில்லை.

கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போகாதே. டெல்மரிடம் இந்த வாரமே பேசு. ஆண்டவரின் கை எப்போதும் உன்மேல் இருக்கட்டும்.

உன் அப்பா,
லெமுவல் பிகெட்

உறையை ஒட்டுமுன் கோராவிடம் படித்துக் காட்டினேன். அந்தப் பலகைய வெள்ளைக்காரங்களேதானப்பா எழுதி மாட்டினாங்க, அதைப் படம் புடிச்சுப் போட்டா அவங்களுக்கென்ன வெக்கம், ஆனா காகிதத்தைப் பாக்குற வெளியூர்க்காரன் கால் இருக்கறப்ப காகிதம் எதுக்குன்னு கேப்பான், அதுக்குப் பதில் சொல்லணுமே, அதுதான் அவங்களுக்குச் சுடும் என்றாள். அப்படியானால் அதையும் நிறுத்தச் சொல்கிறேன் என்றேன். வேண்டாம், எந்தப் படத்தாலயோ வேலை போகத்தான் போகுதுன்னா நல்ல படத்தால போகட்டும் என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்துவிட்டாள். வேலை அவளுடையது, நான் என்ன சொல்ல. டெல்மரிடம் எதையும் நிறுத்தச் சொல்லாதே. காகிதப் படத்தில் எவர் என்ன குற்றம் காண முடியும் என்று மேலே எழுதியிருக்கிறேன் அல்லவா, அது தவறு.