வெள்ளைப் பெட்டியின் விளக்கு

சித்திரை 4, வெள்ளி. பூதப்பாண்டி.

வெயில். காலையிலேயே வண்டித் தகரத்தில் கை வைக்க முடியவில்லை. நேற்று சாயங்காலம் சுசீந்திரத்திலிருந்து வந்து சேர்ந்தோம். மாசியில் அறுத்த வயல், பக்கத்தில் களத்துமேடு, ஒரு புளியமரம். மரத்தின் நிழல் காலையில் மட்டும்தான் வண்டிமேல். உச்சி சாய்ந்ததும் அடுத்த பக்கம் போய்விடுகிறது.

செய்தது: பெட்டி விளக்குக்கு மண்ணெண்ணெய். திரி கத்தரித்தது. கஞ்சி, பயறுத் துவையல். டாக்டரம்மா புடவை இரண்டு துவைத்தது. (ஒவ்வொரு தடவையும் முழுசாக எழுதக் கை வலிக்கிறது. இனி டா.அ.)

வண்டி பழைய பட்டாள லாரி. மேலே பலகையும் தகரமும் அடித்து வீடாக்கியது. இரண்டு கட்டில், அடுப்பு, மருந்து அலமாரி, மூலையில் வெள்ளைப் பெட்டி. நானும் டா.அ.வும் இதிலேயே தின்று இதிலேயே படுத்து ஊர் ஊராய்ப் போகிறோம். டிரைவர் தாசையன் அண்ணன் (தா. அண்ணன்) வெளியே கயிற்றுக் கட்டிலில்.

பெட்டியின் அடியில் விளக்கு எரிந்தால் உள்ளே குளிரும். எப்படி என்று டா.அ. சொன்னார்கள், பாதிதான் புரிந்தது. பெட்டிக்குப் பின்பக்கம் சூடு ஏறி வெளியே போகவேண்டுமாம், போனால்தான் உள்ளே குளிராம். அதற்காக வண்டிச் சுவரில் இரண்டு ஓட்டை. விளக்குக்கு நேரே கீழே ஒன்று, கம்பிவலை போட்டது. உயரத்தில் ஒன்று. தா. அண்ணன் சொல்வது: “கீழ உள்ளது மூக்கு, மேல உள்ளது வாயி. அதுக்கும் மூச்சு விடாண்டாமா, பிள்ளே?”

உள்ளே தொண்டை அடைப்பானுக்கு உள்ள மருந்து, குப்பி குப்பியாக. மலையடிவாரக் குடிகளில் பிள்ளைகளுக்குத் தொண்டையில் வெள்ளைப் படலம் கட்டி மூச்சு முட்டுகிறது. திருவனந்தபுரத்திலிருந்து அடுத்த மருந்து வரும்வரை இவ்வளவுதான். சூடு பட்டால் சத்துப் போய்விடும். உள்ளே தொங்குகிற உஷ்ணமானியில் டா.அ. ஒரு சிவப்பு நூல் கட்டியிருக்கிறார்கள். பாதரசம் நூலுக்குக் கீழேயே நிற்கவேண்டும். விளக்கையும் நூலையும் பார்த்துக்கொள்வது என் வேலை.

என்னிடம் போய் விளக்கை.

தை மாதம் அந்தியில் காற்று. என் பிள்ளை பவளத்தின் தலைமாட்டில் இருந்த விளக்கு அணைந்தது. அடுக்களைக்குப் போய்த் தீ எடுத்துக்கொண்டு வந்தேன். ஏற்றிவிட்டுத் திரும்பினால் பிள்ளைக்கு மூச்சு இல்லை. இதே தொண்டை அடைப்பான்.

புளி தீர்ந்தது. நாளைக்கு வாங்கவேண்டும்.


சித்திரை 5, சனி

பாதரசம் நூலைத் தொட்டுவிட்டது.  திரியை நன்றாக உயர்த்தினேன். தீ மஞ்சளாக எழும்பிப் புகைந்தது. டா.அ. ஓடி வந்தார்கள்.

“செல்லம்மா, தீ பெரிசா இருந்தா குளிர் கூடும்னு யார் சொன்னா? நீலமா, சின்னதா இருக்கணும். புகைஞ்சா குழாய்ல கரி பிடிக்கும், குளிராது.”

மறக்காமல் இருக்க எழுதி வைக்கிறேன்:
தீ நீலம்.
கரி தட்டணும், விளக்கு ஆறினபிறகு.
கதவைச் சும்மா திறக்கக் கூடாது.
சூடான பாத்திரம் உள்ளே வைக்கக் கூடாது.
காலி இடத்தில் தண்ணீர்க் குப்பி அடுக்கணும், குளிரைப் பிடித்து வைக்கும்.
வண்டி சாயாமல் நிற்கணும்.

கடைசியாக உள்ளதுக்கு தா. அண்ணன் பெட்டிமேல் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்துப் பார்த்தார். ஒரு பக்கம் சரிந்து நின்றது. மயிலாடியில் சிலை கொத்துகிற இடத்தில் பொறுக்கின கல்துண்டுகள் சாக்கில் வைத்திருக்கிறார். சக்கரத்தடியில் கொடுத்து ஏற்றினார். “சாமி செய்ய வச்சிருந்த கல்லுல ஒடஞ்சது. நம்ம வண்டியயும் தாங்கட்டு.” பிறகு பெட்டி இருக்கிற பக்கம் வெயில் படாமல் தென்னந்தட்டி கட்டினார். சுவரை ஒட்டிக் கட்டவில்லை, ஆள் நுழைகிற அளவு தள்ளி. காற்று ஓடணுமாம்.

மத்தியானம் பெண்கள் வந்தார்கள், மோர்க் கலயமும் பதனீருமாக.

“ஏட்டி செல்லம்மே, எனக்க மோரையும் கொஞ்சம் குளுர வச்சுத் தாயேன்.”

“மருந்துப் பெட்டி அக்கா. திறக்கப் பிடாது.”

“பெரிய பவுசுக்காரி! தீயக் கொளுத்திக் குளுர வைக்காளாம். நாளைக்கு வெள்ளத்தக் கொளுத்திச் சோறு பொங்குவா, பாத்துக்கிடுங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. தைக்குப் பிறகு வரவே இல்லை. வந்ததும் பயந்துபோய் உள்ளே போய்விட்டேன்.

சாயங்காலம் பாதரசம் நூலுக்குக் கொஞ்சம் கீழே.

புளி வாங்கவில்லை.


சித்திரை 6, ஞாயிறு

அணைந்துவிட்டது.

மத்தியானம் மலைப்பக்கமிருந்து ஒரு காற்று. களத்தில் கிடந்த சருகெல்லாம் சுழன்றது. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். என்னமோ மாதிரி இருந்தது, போய்ப் பார்த்தால் விளக்கு இல்லை. இருட்டு. மண்ணெண்ணெய் வாடை மட்டும். தீக்குச்சி இரண்டு மூன்று ஒடிந்தது. ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்கப் பயம். வண்டிக்குள் ஆரும் இல்லை என்று தெரியும். தெரிந்தும் பயம்.

டா.அ. வெளியே நோயாளிகளோடு. சொல்லவில்லை. உடனே ஏற்றிவிட்டேன்தானே.

காற்று கீழ்வலை வழியாகத்தான் வருகிறது. வெளியே போய்க் கோணிச்சாக்கை மடித்து வலைமேல் வைத்து நெருக்கி அடைத்தேன். அசையாதபடி ஒரு கல்லும் சாத்தி. உள்ளே வந்து பார்த்தேன். தீ ஆடவே இல்லை. சாமி அறை விளக்குப்போல நின்றது.

கொஞ்ச நேரம் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன்.


சித்திரை 7, திங்கள்

விளக்கு நன்றாக எரிகிறது. பாதரசம் நூலைத் தாண்டி நிற்கிறது.

டா.அ. கரி தட்டினார்கள், கிண்ணத்தில் தண்ணீர் வைத்துப் பார்த்தார்கள். எல்லாம் சரி. கதவு ரப்பரில் விரல் ஓட்டிப் பார்த்தார்கள். “என்னதான் ஆச்சு இதுக்கு?” என்னைத் திட்டியிருந்தால் தேவலை. ஈரச் சாக்கு விரித்தேன், கூரைமேல். வெயில் அரை நாழிகையில் குடித்துவிட்டது. மறுபடி நனைத்தேன். மறுபடி.

தா. அண்ணன் ஐஸ் வாங்க பஸ் ஏறி நாகர்கோவில் போனார்.

சாயங்காலம் தடிக்காரன்கோணம் பக்கமிருந்து விறகு கொண்டுவந்தவள் சொன்னது: “அங்கின ராசம்மைக்க பிள்ளைக்குத் தொண்டை அடச்சிருக்கு. பொட்டப் பிள்ள. ஆறு வயசு காணும்.”

டா.அ. அவளிடம், “உடனே தூக்கிட்டு வரச் சொல்லு” என்று சொல்லி அனுப்பினார்கள். பிறகு பெட்டியைத் திறந்து ஒரு குப்பியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்கள். என்னிடம் நீட்டினார்கள். குளிரே இல்லை. கிணற்றுத் தண்ணீர் இதைவிடக் குளிரும்.

பவளத்துக்கும் ஆறு.

 


சித்திரை 8, செவ்வாய்

காலையில் தா. அண்ணன் வந்தார். மரத்தூளில் பொதிந்த ஐஸ், பாதி கரைந்து. ஒரு வாளியில் போட்டுப் பெட்டிக்குள் வைத்தோம். பிறகு அவர் தட்டி சரிசெய்யப் பின்பக்கம் போனார். போனவர் கத்தினார்.

“ஆரு இந்தச் சாக்கத் திணிச்சது? மூக்கப் பொத்திப் போட்டுக் குளுரலங்கிய! உள்ள வெந்துல்லா கெடக்கு!”

 டா.அ. என்னைப் பார்த்தார்கள். நான்தான் என்றேன். ஏன் என்று கேட்டார்கள். அணைந்துபோயிற்று என்றேன். அணைந்தால் ஏற்றலாமே என்றார்கள்.   பவளம், அந்தி, காற்று, அடுக்களை, எல்லாம் சொன்னேன். சொன்னது இதுதான் முதல் தடவை. தா. அண்ணன் சாக்கைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

டா.அ. கத்தரி எடுத்துக் காலி மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டச் சொன்னார்கள். தா. அண்ணன் அதை வளைத்து வலைக்கு வெளியே, ஒரு கை தள்ளி, மறைப்பாக நிறுத்தினார். காற்று தகரத்தில் மோதிச் சுற்றித்தான் உள்ளே போகும். தீ கொஞ்சம் ஆடும், அணையாது. மேல் ஓட்டைக்கு நேரே கையை வைத்துப் பார் என்றார்கள். சுடுகாற்று குபுகுபு என்று வந்தது.

“இப்போ மூச்சு விடுது” என்றார்கள் டா.அ.

மத்தியானத்துக்குள் பாதரசம் நூலுக்குக் கீழே போய்விட்டது. இந்த வெயிலிலும். ஆனால் மருந்து ஒரு பகலும் இரவும் அதற்கு மேலும் சூட்டில் கிடந்ததே. கேட்டேன். டா.அ. குப்பியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்கள். கலங்கல் இல்லை.

“சத்து கொஞ்சம் போயிருக்கலாம். போகாமலும் இருக்கலாம். பார்த்துச் சொல்ல முடியாது, செல்லம்மா.”

வெயில் தாழ ராசம்மை வந்தாள். தோளில் பிள்ளை. கழுத்து வீங்கி, வாய் திறந்து, மூச்சு இழுக்கும்போது பனையோலை கிழிகிற மாதிரி சத்தம். எனக்கு அந்தச் சத்தம் தெரியும்.

பெயர் பாக்கியம்.

முதலில் ஒத்துக்கொள்கிறதா என்று டா.அ. தோலில் ஒரு துளி குத்திப் பார்த்தார்கள். தடிப்பு வரவில்லை. பிறகு ஊசி. வழக்கமாகப் போடுவதற்கு இரண்டு பங்கு. குப்பி எல்லாம் தீர்ந்தது.

பிள்ளையை என் கட்டிலில் படுக்க வைத்திருக்கிறது.


சித்திரை 9, புதன்

வெயில் அதே.

சத்தம் நிற்கவில்லை. சத்தம் கேட்டால் பயம், கேட்காவிட்டால் அதைவிடப் பயம். தண்ணீர் எடுக்கப் போனேன், பாதி வழியில் குடத்தை வைத்துவிட்டு ஓடிவந்தேன்.

டா.அ. பிள்ளையின் மூச்சைக் குனிந்து கேட்பார்கள், நாடி பிடிப்பார்கள், வெளியே போவார்கள், வருவார்கள். “இன்னும் ஒரு நாள் பார்க்கணும்.”

ராசம்மை கேட்டாள். “அக்கா, நல்ல மருந்துதானா? பிள்ளைக்க தீனம் மாறும்லா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது.

“மருந்து சூடு பட்டுப் போச்சு தாயி. நான்தான் காத்து வாற வழிய அடச்சேன். வெளக்கு அணஞ்சிரும்னு பேடிச்சு. அதான் ரெட்டையாப் போட்டிருக்காவ. கேக்குமோ கேக்காதோ, தெரியல.”

அவள் என் முகத்தையே பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கட்டும் என்று இருந்தது. பிள்ளையின் காலைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

“நீ வெளக்குக்குப் பேடிச்ச. நான் ஊசிக்குப் பேடிச்சி ரெண்டு நாளு வீட்டுல போட்டு மந்திரிச்சேன். ஆருக்கு ஆரு சொல்ல?”

பிறகு, “ஒனக்குப் பிள்ள உண்டா?” என்றாள். இருந்தது என்றேன்.  நகர்ந்து கட்டிலில் எனக்கு இடம் விட்டாள்.

தா. அண்ணன் கேட்காமலே புளி வாங்கி வந்து வைத்திருக்கிறார்.


சித்திரை 10, வியாழன்

விடிந்தபோது சத்தம் கொஞ்சம் குறைவு. நான் பயந்து எழுப்பிவிட்டேன். பிள்ளை கண் முழித்து என்னைப் பார்த்து முகம் சுளித்தது.

டா.அ. கரண்டியால் நாக்கை அழுத்தி டார்ச் அடித்துப் பார்த்தார்கள். படலம் ஓரத்தில் சுருண்டிருக்கிறதாம். மேற்கொண்டு பரவவில்லை என்றார்கள். பிழைத்துவிட்டது என்று சொல்லவில்லை. இதயம் தளரலாம், நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் சேர்க்கணும், நாமும் அங்கே போய்ப் புது மருந்துக்கு ஏற்பாடு செய்யணும் என்றார்கள்.

பாக்கியம் கையை நீட்டிப் பெட்டியைக் காட்டியது. குரல் இல்லை, காற்றுதான்.

“அதுக்குள்ள உள்ள வெள்ளம்.”

டா.அ.வைப் பார்த்தேன். தலையை ஆட்டினார்கள். தண்ணீர்க் குப்பியிலிருந்து ஒரு ஸ்பூன். தொண்டை அசைந்தது. இறங்கியது. முகம் கோணியது, ஆனால் இறங்கியது. இன்னொரு ஸ்பூன் கேட்டது. ராசம்மை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வண்டி ஓடும்போது விளக்கு எரியக் கூடாது. எப்போதும் தா. அண்ணன்தான் அணைப்பார், நான் இறங்கித் தூரமாகப் போய்விடுவேன். இன்றைக்கு அவர் சக்கரத்தடியில் கல் எடுத்துக்கொண்டிருந்தார். டா.அ. பிள்ளையின் தலையை மடியில் தாங்கி உட்கார்ந்திருந்தார்கள்.

“செல்லம்மா, விளக்கை அணைச்சிடு.”

பிள்ளை என் முதுகுக்குப் பின்னால். அதே மாதிரி. நின்றுகொண்டே இருந்தேன்.   வெளியே தா. அண்ணன், “கெளம்புவமா?” என்றார்.

உட்கார்ந்தேன். திருகைப் பிடித்தேன். நீலம் சின்னதாயிற்று, இன்னும் சின்னதாயிற்று, போயிற்று. புகை வாடை.

திரும்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு காது மட்டும் வைத்திருந்தேன்.

கேட்டது. ஓலை கிழிகிற மாதிரி, இழுத்து, விட்டு. மறுபடி இழுத்து, விட்டு.

வண்டி குலுங்குகிறது, எழுத்து கோணல்.