பக்கத்தில் கேட்ட விசில்

மாசி 7, வெள்ளி

பனி இன்னும் விட்டபாடில்லை. பருத்திமார் விறகு முழுக்க ஈரம். அடுப்பு பிடிப்பதற்குள் கண், மூக்கு எல்லாம் புகை. கோயில் நடை திறக்கும் நாள், நல்ல கூட்டம். கடையில் இட்லி சீக்கிரமே தீர்ந்துவிட்டது. இடுப்பு என்னுடையதாகவே இல்லை.

வாங்க: உளுந்து, வரமிளகாய், வீட்டுக்காரருக்கு மாஸ்க் (வாங்கினாலும் போட மாட்டார்).

ஊருக்கு பிரஷர் பார்க்க வரும் நர்ஸம்மா கடையில் சாப்பிட்டார். ஜல்லி உடைக்கும் கிரஷரில் வேலை செய்பவர்கள் வீடுகளில் நெஞ்சு நோய் பற்றிச் சொல்லிக்கொண்டு போகிறாராம். என் வீட்டுக்காரர் அங்கேதான் லாரி ஓட்டுகிறார். எதையெல்லாம் கவனிக்கணும் என்று கேட்டுக்கொண்டேன். நடக்கும்போது பேச முடியாமல் நிற்பது. காலையில் விடாத இருமல். படுத்தால் மூச்சு முட்டிக்கொண்டு, இன்னொரு தலையணை தேடுவது. மூச்சு விடும்போது விசில் மாதிரி சத்தம்.

போகும்போது சொன்னார்: "நோவு வந்தவங்களுக்கே தெரியாதுக்கா. பக்கத்துல இருக்கறவங்கதான் மொதல்ல கண்டுபிடிப்பாங்க."

மாசி 8, சனி

வெயில் ஏறிவிட்டது. கடையை மூடி, பாத்திரம் கழுவி, மத்தியானம் படுத்தேன். அவர் பக்கத்தில், சட்டையெல்லாம் கல்தூசி. கரண்ட் இல்லை, ஃபேன் சத்தமும் இல்லை. அப்போதுதான் கேட்டது. மெல்லிசாக, இழுத்து இழுத்து, விசில்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தேன். நின்றுவிட்டது. கண்ணை மூடினேன், திரும்ப ஆரம்பித்தது. மறுபடி மூச்சை அடக்கிக் கேட்டேன், மறுபடி நின்றது. மனுஷன் தூங்குவது மாதிரி நடித்து அடக்குகிறார். கள்ளன்.

மாசி 10, திங்கள்

கோயிலுக்குப் போனோம். வேண்டிக்கொண்டது அவர் நெஞ்சுக்காக. பொங்கல் பொங்கும்போது எல்லோருடனும் குலவை போட்டேன், பாதியில் அறுந்துபோனது. தொண்டை வறட்சி. இந்தப் பனி ஆளைக் கொல்கிறது.

திரும்பி வரும்போது பேசிக்கொண்டே வந்தவர் புளியமரத்தடியில் நின்றார். போனை எடுத்துப் பார்த்தார். யாரும் கூப்பிடவில்லை, எனக்குத் தெரியாதா. கொஞ்ச தூரம் போய் மறுபடி நின்றார், மறுபடி போன். நானும் சந்தடி சாக்கில் பாலக்கட்டையில் உட்கார்ந்துகொண்டேன். நர்ஸம்மா சொன்னதில் இரண்டு சரியாக இருக்கிறது.

மாசி 11, செவ்வாய்

மாவு புளித்துப்போனது. சண்டை. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்கிறார். கிரஷர்காரர் காதுக்குப் போனால் நாளையிலிருந்து வேண்டாம் என்று சொல்லிவிடுவாராம். வேலை போனால் போகட்டும், நீங்கள் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்று கேட்டுவிட்டேன். கேட்டுவிட்டு அழுகை. அழுகையோடு இருமலும் சேர்ந்துகொண்டது.

அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, வருகிறேன் என்றார்.

மாசி 13, வியாழன்

கடை லீவு. பெரம்பலூர் பெரியாஸ்பத்திரி. பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். நெஞ்சு படம், குழாயில் ஊதும் சோதனை. ஊது ஊது என்று நான் பக்கத்தில் நின்று பிரசவம் பார்க்கிறவள் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா சின்ன வயசு. நெஞ்சில் ஒன்றும் இல்லை, மாஸ்க் போடாமல் வேலைக்குப் போகக் கூடாது என்றார். நான் விசிலைச் சொன்னேன். மறுபடி முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். இல்லை என்றார். என்னைப் பார்த்து, "நீங்க மொதல்ல உக்காருங்கம்மா, ஏன் இப்படி மூச்சு வாங்குது?" மாடி ஏறி வந்தது, வேறொன்றுமில்லை என்றேன். பின்னால் பெரிய வரிசை.

சந்தோஷப்பட வேண்டியவள், பஸ்ஸில் அவரோடு பேசவில்லை. என் காது பொய் சொல்லுமா? டாக்டர் முன்னாலும் அடக்கிக்கொண்டார் என்றுதான் தோன்றியது.

மாசி 15, சனி

பனி இல்லை இன்று. ஆனாலும் விடியலில் நல்ல இருமல். கடைக்கு வந்த லாரிக்காரர், அடுப்பங்கரைப் புகையைப் பார்த்து, இங்கே நாங்கள் இருந்தால் ஒரு நாள் தாங்க மாட்டோம் என்றார். இருபது வருஷம் தாங்கியாச்சே என்று சிரித்தேன்.

அவர் நேற்று அரியலூருக்கு ஜல்லி லோடு ஏற்றிப் போனவர். வண்டி அங்கே ரிப்பேர், ஷெட்டிலேயே தங்கல்.

மத்தியானம் தனியாகப் படுத்தேன். அவர் தலையணையையும் இழுத்து என்னுடையதன் மேல் போட்டுக்கொண்டேன், அப்படித்தான் கொஞ்ச நாளாக வசதி. காற்றில் உடம்பு சில்லிட்டது, ஃபேனை நிறுத்தினேன்.

விசில்.

எழுந்து ஜன்னலைப் பார்த்தேன். குக்கர் கழுவிக் கவிழ்த்திருக்கிறது. பூனை இல்லை. கதவு தாழ்ப்பாள் போட்டது போட்டபடி. உட்கார்ந்து மூச்சைப் பிடித்தேன். நின்றது. விட்டேன். வந்தது.

வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். விடுவதும் பிடிப்பதுமாக.

அவருக்குப் போன் போட்டேன். இதைச் சொல்ல வாய் வரவில்லை. அன்றைக்குப் புளியமரத்தடியில் ஏன் நின்றீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

"ஒனக்கு மூச்சு வாங்குச்சு. நில்லுன்னா எனக்கென்னன்னு சண்டைக்கு வருவ. அதான் போனப் பாக்கற மாதிரி நின்னேன்."

எத்தனை நாளாக இப்படி நிற்கிறீர்கள் என்று கேட்டேன்.

"போன கோடையிலேர்ந்து."

பயமாக இருக்கிறது. நாளைக்கு உளுந்து ஊறப்போடவில்லை.