அறுபது மில்லி ஆம்பியரில் மூன்று ஹென்றி

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலேயே புழுக்கம். குன்றத்தூர் பஸ்ஸில் நின்றபடியே பயணம். வல்லம் வடகால் திருப்பத்தில் லாரி நெரிசல், இருபது நிமிடம் தாமதம்.

வெளிநாட்டு ஆர்டர் டெஸ்ட் மேஜைக்கு வந்தது. வால்வு ஆம்ப்ளிஃபயருக்கான அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், 24. எங்கள் கம்பெனிக்கு இது முதல் தடவை; இதுவரை பவர் டிரான்ஸ்ஃபார்மர்தான். கேட்டிருப்பது: 60 மி.ஆ. டி.சி. ஓடும்போது குறைந்தது 15 ஹென்றி இண்டக்டன்ஸ்.

முதல் பீஸ், டி.சி. இல்லாமல்: 58. இவ்வளவு வரக் கூடாதே. 60 மி.ஆ. விட்டேன்: 3. மீட்டரை மாற்றினேன். அதே 3.

மாலைக்குள் எல்லாம் பார்த்தாயிற்று. ஒன்றுகூடத் தேறவில்லை. தயிர் வாங்க மறந்தேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஒரு பீஸைப் பிரித்தேன். நல்லவேளை, வார்னிஷில் இன்னும் முக்கவில்லை. டி.சி. ஓடும்போது இரும்பு திணறாமல் இருக்கத் தகடுகளுக்கு நடுவே வைக்க வேண்டிய பேப்பர் இல்லை. பவர் டிரான்ஸ்ஃபார்மர் மாதிரி மாற்றி மாற்றிக் கோத்து, மயிரிழை இடைவெளி இல்லாமல் இறுக்கியிருக்கிறது. அருமையான வேலை. அதுதான் வயிற்றெரிச்சல்.

செல்வியைக் கேட்டேன். பதினொரு வருடமாகத் தகடு அடுக்குகிறவள்.

"அந்தப் பேப்பராக்கா? பேக்கிங் குப்பைன்னு நென்ச்சி தூக்கிப் போட்டேன். கேப் வுட்டா ஊம்முனு கத்தும்னு எத்தினி வாட்டி திட்டு வாங்கிகீறேன்!"

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பேப்பர் வைக்கச் சொல்லும் டிராயிங், தரக்கட்டுப்பாட்டு அதிகாரி கோபால் சாரின் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. ஒருவருக்கும் காட்டவில்லை.

பேப்பர் வைத்து மறுபடி அடுக்கிக் கொடுத்தாள். 60 மி.ஆ.-ல் 17 ஹென்றி! "மிச்சத்துக்கு ரெண்டு நாளு போதும்க்கா. ஓ.டி. பாக்கறேன்."

ஆகஸ்ட் 6, புதன்

கோபால் சாரிடம் சொன்னேன். முறுக்குத் தின்றுகொண்டே ரீடிங் தாளைப் புரட்டினார், ஒவ்வொரு பக்கத்துக்கும் விரலை நக்கி. தாளெல்லாம் எண்ணெய்.

"பதினஞ்சு கேட்டான், அம்பத்தெட்டு குடுக்கோம். பொறவு என்னம்மா?"

"ஆம்ப்ளிஃபயர்ல டி.சி. எப்பவும் ஓடும் சார். அது ஓடுனா மூணுதான். பாட்டுல டிரம் மாதிரி கீழ்ச்சத்தமே வராது."

"அந்த டி.சி.யக் கழட்டிட்டு அளந்து எழுதுங்க. வெள்ளிக்கெழம வண்டி."

அடுக்கி வார்னிஷில் முக்கிக் காயவைக்க, வண்டியை இரண்டு நாள் தள்ளினால் சரியாகிவிடும் என்றேன். செவிடன் காதில் ஊதிய சங்கு. கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

ரிப்போர்ட் தயார். புதுப் படிவமாம். டி.சி. ரீடிங்குக்குக் கட்டமே காணோம். 58, 61, 57 என்று வரிசையாக. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார். அடியில்: சோதித்தவர் ம. ரெஜினா. கணினியில் உருவானது, கையெழுத்து தேவையில்லை.

சாப்பாட்டைத் தொடவில்லை. கேன்டீன் சாம்பாரிலும் வார்னிஷ் நாற்றம்.

"அத்த வுடுக்கா. உனக்கு இன்னா?" என்றாள் செல்வி. என்னவா? அது என் பெயர். பதினாறு வருடமாக ஒரு ரீடிங்கைக்கூட மாற்றி எழுதியதில்லை.

பயமும் இருக்கிறது. இந்த வயதில் ஒரகடம் கம்பெனிகளில் கேட் கேட்டாக பயோடேட்டாவோடு நிற்க முடியுமா?

ஆகஸ்ட் 8, வெள்ளி

மழை. வண்டி மூன்று மணிக்கு. எல்லாரும் சாப்பிடப் போனதும் பேக்கிங் பக்கம் போனேன். பெட்டிகள் இன்னும் ஒட்டவில்லை. கையில் பெர்மனன்ட் மார்க்கர்.

ஒவ்வொரு டிரான்ஸ்ஃபார்மரின் தலையிலும் இங்கிலீஷில்: 60 மி.ஆ.-ல் 3 ஹென்றி, பேப்பர் இடைவெளி இல்லை. செல்வி சரிசெய்த ஒன்றில் மட்டும் 17. கீழே என் கையெழுத்து, கையால் போட்டது. செல்வி எங்கிருந்தோ வந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள்.

கடைசிப் பீஸில் பின்னால் கோபால் சாரின் செருப்புச் சத்தம்.

"என்ன எழுதுதீய?"

"ரீடிங் சார்," என்றேன். அதையும் எழுதி முடித்தேன்.